இருளப்பன் மேஸ்திரி போட்ட மணல்மேட்டுப் பாதை

காசிம் மரைக்காயரின் கார்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்தது. மரைக்காயர் கார்டு எழுதினால் ஓரங்களில்கூட இடம் விடமாட்டார். கடல் நிலவரத்தில் ஆரம்பித்துத் தம் சர்க்கரை வியாதியில் முடிப்பார். அன்று வந்ததில் மூன்றே வரிகள். "நர்ஸம்மாவுக்கு ஸலாம். லீவில் ஊருக்குப் போன நம்ம மேஸ்திரி வெள்ளிக்கிழமை மதியம் அங்கேயே மவுத்தாகிவிட்டார். நமக்குத் தகவல் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது."

கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பாதியில் விட்ட ஊசிகளைப் போட்டு முடித்தேன். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. இராமநாதபுரத்தில் அவரைத் தெரிந்தவர்கள் என்று எனக்கு யாரும் இல்லை. அவரோடு பழகிய நீங்கள் எல்லாரும் பாம்பனில்தான் இருக்கிறீர்கள். அவரோடு ஞாயிற்றுக்கிழமை தோறும் மேடு ஏறி இறங்கியவர்களுக்காகவும், அவர் பெயர் தெரியாமலேயே அந்தப் பாதையில் இன்று நடக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றிய ஒரு விஷயமும் உண்டு. அவர் இருக்கும்போதே அதை ஊரறியச் சொல்லியிருக்க வேண்டும்.

இருளப்பன் முதுகுளத்தூருக்குத் தெற்கே மிளகாய் விளையும் சின்ன ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். பாம்பனில் ரயில் பாதையைப் பராமரிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. மனைவி ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, இவர் தனியாகப் பொங்கித் தின்று வேலை பார்த்தார். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வருவார். உயரமான, ஒடிசலான மனிதர். வெயிலில் நின்று நின்று கண்ணைச் சுருக்கியே பார்ப்பார். அதனால் யாரைப் பார்த்தாலும் கோபமாகப் பார்ப்பதுபோல இருக்கும். பேச்சும் அப்படித்தான்.

முதல் பொதுத்தேர்தல் முடிந்த மறுவருஷம் நான் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸாகப் பாம்பனுக்கு மாற்றலாகி வந்தேன். வந்த முதல் வாரமே மேட்டுக்குடியிலிருந்து ஆள் வந்தது. மேட்டுக்குடியை நீங்கள் அறிவீர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாம்பனிலிருந்து கிழக்கே இரண்டு மைலில் மூன்று மணல்மேடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றாவது மேட்டின் சரிவில் கடலைப் பார்த்து நாற்பது ஐம்பது குடிசைகள், எல்லாம் மீன்பிடிக்கிறவர்களுடையவை. மேடுகளுக்கு வடக்கே ஓரமாக ரயில் தண்டவாளம் போகிறது. தண்டவாளத்தின் மேல் நடந்தால் அரைமணி. கால் புதையப் புதைய மூன்று மேடும் ஏறி இறங்கினால் ஒன்றரை மணி. ஆகவே ஊரே தண்டவாளத்தில்தான் நடக்கும். நானும் பையைத் தூக்கிக்கொண்டு அதில்தான் நடந்தேன்.

கொஞ்சதூரத்தில் ஒருவர் சிவப்புக் கொடியோடு எதிரே வந்து நின்றார். இருளப்பனை நான் முதலில் பார்த்தது அப்போதுதான்.

"எங்க போறீக?"

"மேட்டுக்குடிக்கு. பிரசவம்."

"லைன் மேல நடக்கக் கூடாது. இறங்குங்க."

"நான் ஆஸ்பத்திரி நர்ஸ். அவசரமாப் போறேன்."

"நர்ஸுன்னா வண்டி ஒதுங்கிப் போகுமா? அந்தா, அங்கன இருக்கு மேட்டுப் பாதை. அது வழியாப் போங்க."

அவர் கைகாட்டிய இடத்தில் பாதை ஒன்றும் இல்லை. மணலும் உடைமரங்களும்தான் இருந்தன. உச்சி வெயிலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். நான் போய்ச் சேரும்போது குழந்தை பிறந்து, தாய்க்கு இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எப்படியோ நிறுத்திவிட்டேன். பிழைத்துக்கொண்டாள். திரும்பும்போது அவர் இன்னும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் என் ஆத்திரம் எல்லாம் பொங்கியது.

"அந்தப் பொம்பளை செத்திருந்தா அதுக்கு நீங்கதான் பொறுப்பு" என்று அவருடைய ஆட்களின் முன்னாலேயே சத்தம் போட்டேன்.

"செத்துட்டாகளா?"

"இல்லை."

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

அன்றிலிருந்து ஏழெட்டு மாதம் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

நாகம்மாவுக்கு அந்த விபத்து நடந்தது கச்சான் காற்று வீசும் காலத்தில். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. நாகம்மா மேட்டுக்குடிக்காரி. கணவன் கடலுக்குப் போவான். இவள் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துப் பாம்பனில் விற்று வருவாள். அன்று திரும்பும்போது தண்டவாளத்தில் நடந்து வந்தவளை இருளப்பன் மறித்துக் கீழே இறக்கி, மேட்டு வழியாகப் போகச் சொன்னார். அவள் திட்டிக்கொண்டே மேடு ஏறினாள். முதல் மேடு தாண்டினாள். நடு மேட்டில் மணல் முழங்கால்வரை உள்ளே வாங்கியது. அதற்கு மேல் முடியாமல், மேட்டின் வடபக்கமாகச் சறுக்கி மறுபடியும் தண்டவாளத்தில் இறங்கினாள். அந்த இடத்தில் தண்டவாளம் வளைந்து இருபுறமும் மணல் உயர்ந்து நிற்கும். இருளப்பன் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. காற்றின் இரைச்சலில் வண்டி வரும் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவர் அவர்தான். அவர் தலைத்துண்டால் அவள் காலை இறுக்கிக் கட்டியிருந்தார். அப்படிக் கட்டாமல் இருந்தால் உயிர் தங்கியிருக்காது. மதுரைக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். முதல் உதவி செய்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். அங்கே ஜனங்கள் தண்டவாளத்தில் நடப்பது வழக்கமா என்றார். "தினமும் நடக்கிறார்கள். நானும் நடந்திருக்கிறேன். மேட்டில் பாதை கிடையாது. இந்த மேஸ்திரி எல்லாரையும் விரட்டத்தான் விரட்டுவார், எந்த வழியாகப் போவார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை" என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் சொல்லும்போது என் மனதில் பழைய கோபமும் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. தினமும் நடக்கிறார்கள் என்று நான் சொன்ன அந்த வார்த்தை எழுத்தில் ஏறியதும், தம் பொறுப்பில் உள்ள இடத்தில் ஜனநடமாட்டத்தைத் தடுக்காத குற்றம் அவர்மேல் வந்தது. விதிப்படி மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கிச் சாதாரண ஆளாகப் போட்டார்கள். அவருக்குக் கீழே இருந்தவர் மேஸ்திரி ஆனார். அந்தப் புது மேஸ்திரியும் இவரை "மேஸ்திரி" என்றே கூப்பிட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்.

நாகம்மா மதுரையிலிருந்து திரும்பியதும், புண்ணுக்குக் கட்டு மாற்ற நான் வாரத்தில் இரண்டுமுறை மேட்டுக்குடிக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மேட்டின் அடியில் இருளப்பனைப் பார்த்தேன். சொந்த மண்வெட்டியால் மணலை வெட்டி இருபுறமும் தள்ளிக்கொண்டிருந்தார். வியர்வையில் மணல் ஒட்டி உடம்பெல்லாம் பூத்திருந்தது.

"என்ன செய்யறீங்க?"

"நீங்கதான சொன்னீக, பாதை இல்லைன்னு."

"என்னால உங்க வேலை போச்சே, என் மேல கோபம் இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "உள்ளதச் சொன்னீக. நான் வெரட்டத்தான செஞ்சேன். வெரட்டுனா அவுக எங்கிட்டுப் போவாகன்னு யோசிக்கல. அது ஒங்க வாயில வந்தப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு." பிறகு, "பேசிக்கிட்டே நின்னா வெயில் ஏறிரும். கட்டு மாத்தப் போங்க" என்றார்.

அடுத்த வாரம் போகும்போது அவர் வெட்டிய இடம் தெரியவே இல்லை. காற்று மூடிவிட்டிருந்தது. அவர் மறுபடியும் முதலிலிருந்து வெட்டிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அவருடைய ஆட்கள் தண்டவாளத்திலிருந்து பார்த்துச் சிரித்தார்கள். நான்காவது வாரம் நானும் ஒரு கூடையை வாங்கி மணல் அள்ளத் தொடங்கினேன். குற்ற உணர்ச்சியில்தான் தொடங்கினேன். பிறகு அது எனக்கே பிடித்துப்போன வேலையாகிவிட்டது.

மழைக்காலம் பிறந்த பிறகுதான் அவருக்கு வழி புரிந்தது. ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள், மேட்டுக்குடிக்காரர்களின் ஆடுகள் நூறு வரிசையாக மேடு தாண்டின. ஆடு நடந்த தடம் இறுகி, இரண்டு வாரக் காற்றுக்கும் அசையாமல் கிடந்தது. அவர் அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். அவர் சிரித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"மணலோட மல்லுக்கு நின்னது தப்பு, நர்ஸம்மா. இதை வெட்டக் கூடாது, மிதிக்கணும். ஈரத்தோட மிதிக்கணும். ரெண்டு பேரு மிதிச்சுப் பத்தாது. ஆட்டு மந்தை கணக்கா ஆளு வேணும்."

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை நடை ஆரம்பித்தது. அவர் பாம்பனில் கடை கடையாகப் போய்க் கூப்பிட்டார். வேலைக்கு ஆள் பிடிப்பதுபோலத்தான் கூப்பிட்டார். நயமாகப் பேச அவருக்கு வராது. யாரும் வரவில்லை. முதலில் வந்தவர் காசிம் மரைக்காயர். கருவாட்டு வியாபாரி, நல்ல கனத்த சரீரம். டாக்டர் அவரைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்.

"தனியா நடந்தா, வாப்பாவுக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு எம் மகனே சொல்லுவான்" என்றார் மரைக்காயர். "ஒங்களோட சேர்ந்து நடந்தா ஒரு காரணமாச்சு. அல்லா எனக்குச் சர்க்கரையைக் குடுத்ததே ஒமக்கு ஒரு ஆளு கெடைக்கட்டும்னுதான்போல."

அவர் வந்ததும் அவருடைய கடையாட்கள் வந்தார்கள். தண்டவாளத்தில் நின்று சிரித்த கேங்காரர்களில், அதாவது அவருடைய வேலையாட்களில், இருவர் வந்தார்கள். மேட்டுக்குடியில் கோயில் பூசை முடித்து ஒரு கூட்டம், கடலுக்குப் போகாதவர்கள் ஒரு கூட்டம் என்று எதிர்ப்பக்கமிருந்து வந்து நடு மேட்டில் சந்தித்தோம். நெருக்கமாக, ஒருவர் தடத்தில் ஒருவர் கால் வைத்து நடக்க வேண்டும். பேசலாம், சண்டை போடலாம், தடம் மட்டும் மாறக் கூடாது. யாராவது விலகினால் பின்னாலிருந்து மேஸ்திரியின் குரல் வரும்: "ஏலே, அங்கன எங்க போறே? கோட்டுக்குள்ள வா." மரைக்காயர் மூச்சு வாங்க நடு மேட்டில் உட்கார்ந்துவிடுவார். அவருக்காக எல்லாரும் நிற்போம். அவர் கடைப்பையன் தூக்கி வந்த கெட்டிலிலிருந்து ஆளுக்கு அரைக் கிளாஸ் தேநீர் கிடைக்கும். நோன்பு மாதத்தில் அவர் குடிக்கமாட்டார். எங்களுக்கு ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

மிதித்த தடத்தின் இருபுறமும் நெடுக, மணலைப் பிடித்துக்கொள்ளும் அடம்பங்கொடியை நட்டார்கள். இராவணன் மீசை என்று நாம் சொல்லும் முள்புல்லைக் கடற்கரையிலிருந்து மணலோடு பெயர்த்து வந்து வைத்தார்கள். ஏறும் இடங்களில் பனைமட்டைகளைக் குறுக்கே அடுக்கிப் புதைத்துப் படி ஆக்கினோம். ஒருமுறை கேங்காரர் ஒருவர், ஸ்டேஷன் பக்கம் பழைய ஸ்லீப்பர் கட்டைகள் சும்மா கிடக்கின்றன, பத்து எடுத்துப் போட்டால் படி அசையாது என்றார். இருளப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அது ரயிலுக்கு உள்ளது. சும்மா கெடந்தாலும் ரயிலுக்குத்தான் சும்மா கெடக்கு." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுவாரம் ஊரிலிருந்து வரும்போது உடைமரக் கம்புகளை ஒரு கட்டாகக் கட்டி, பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டுக் கொண்டுவந்தார்.

முதல் மேடும் கடைசி மேடும் ஒரு வருஷத்தில் அடங்கிவிட்டன. நடு மேடு அடங்கவில்லை. கச்சான் நேராக அதில்தான் மோதும். ஒவ்வொரு வருஷமும் வைகாசி ஆனியில் அது புரண்டுவிடும். மறுபடி முதலிலிருந்து. சலித்துப்போய் ஒருநாள் நான், "இது எப்பத்தான் முடியும் மேஸ்திரி?" என்றேன். "நேத்துச் சோறாக்கினோமேன்னு இன்னிக்கு ஆக்காம இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இனி நாகம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதை வேலை தொடங்கிய நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் அவர் அவள் குடிசை வாசலில் போய் நிற்பார். அவள் உள்ளே எழுந்து போய்விடுவாள். நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஒருநாள் அவள் போகவில்லை. அவரை நேராகப் பார்த்துக் கத்தினாள்.

"நீரு தொரத்தலேன்னா நான் அந்த மேட்டுல ஏறியிருப்பேனா? ஏறலேன்னா சறுக்கியிருப்பேனா? இப்ப எதுக்கு வந்து நிக்கிறீரு? எங் காலைக் கொண்டாந்திருக்கீரா?"

"இல்ல தாயி" என்றார் அவர்.

"பெறகு என்ன?"

"முதல் மேடு முடிஞ்சிருச்சு. நீ ஒருநா கம்பூன்றி நடந்து பாத்து, சரியா இல்லையான்னு சொல்லணும். மத்தவுக சொல்றதுல எனக்கு நெசம் தெரியல."

அவள் கட்டுப் போடுகிற என் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரும் வற்புறுத்தாமல் போய்விட்டார். ஆனால் அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. நடந்தது விபத்து, தாம் கடமையைத்தான் செய்தோம் என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு காலை, நாங்கள் கடைசி மேட்டில் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நாகம்மா இரண்டு கம்புகளையும் கக்கத்தில் ஊன்றி மெதுவாக மேலே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். பத்தடிக்கு ஒருமுறை கம்பை அழுத்திப் பார்த்தாள். ஓர் இடத்தில் கம்பு ஒரு சாண் உள்ளே போனது.

"இங்கன எறங்குது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய்விட்டாள். அந்த இடத்தைத் தோண்டி மறுபடி போட அன்று முழுவதும் ஆனது. மரைக்காயர்கூட மட்டை சுமந்தார்.

அதன்பிறகு நாகம்மா வாராவாரம் வந்தாள். அவள் கம்பு இறங்காத இடம்தான் முடிந்த இடம் என்று ஆயிற்று. ஒரு வருஷத்தில் அவள் கருவாட்டுக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு பாம்பனுக்கே வரத் தொடங்கிவிட்டாள். நடு மேட்டில் மட்டும் யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் இருளப்பனிடம் அவள் பேசியதெல்லாம் அந்த மாதிரிப் பேச்சுத்தான். "இங்கன எறங்குது. அங்கன வழுக்குது. இந்தப் படி ஒசரம்." அவரும், "சரி தாயி" என்பதோடு சரி.

ஒருநாள் மதியம் மேட்டுக்குடியிலிருந்து ஒரு பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது. பாதை போடுவதற்கு முன்பு என்றால் அந்த மேடுகள் வழியாகக் கொண்டுவந்தே சேர்த்திருக்க முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் கட்டிலை இறக்கியபோது முக்கால் மணிதான் ஆகியிருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சாயங்காலம் இருளப்பன் வந்து அந்த நான்கு பேரையும் வெளியே நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். குழந்தை ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை. "எங்கன கால் எறங்குச்சு?" என்று கேட்டார். "நடு மேட்டுல ரெண்டு பேருக்கு முழங்கால் வரைக்கும் போச்சு, மேஸ்திரி" என்றார்கள். பிழைத்ததைச் சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று வெளியே வந்த நான், அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே திரும்பிவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து அவருக்கு மேஸ்திரி வேலை திரும்பக் கிடைத்தது. எனக்கும் இராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளன்று அவர் ஸ்டேஷனுக்கு வந்தார். வண்டி நகரும்போது, "ஒரு ஆளு கொறையுது" என்றார். அவரிடமிருந்து நான் பெற்ற பாராட்டு அது ஒன்றுதான்.

மரைக்காயரின் கார்டு வந்த பிறகு பதினாறாம் நாள் காரியத்துக்கு இருளப்பனின் ஊருக்குப் போவதென்று முடிவு செய்து, மரைக்காயருக்கும் எழுதிப் போட்டேன். அதைக் கேள்விப்பட்டு, அன்று காலை இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நாகம்மா இரண்டு கம்புகளோடு நின்றுகொண்டிருந்தாள். மரைக்காயர் அவளை ரயிலேற்றி அனுப்பியிருந்தார். அவருக்கு இப்போது நடை சுத்தமாக முடியவில்லை.

"நானும் வாரேன்" என்றாள்.

முதுகுளத்தூரில் பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து ஒரு மைல் வரப்பில் நடந்தோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் சேறு அவள் கம்பைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. இரண்டுமுறை விழுந்தாள். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கம்பை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அவருடைய மனைவி பூரணம் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். சேறும் சகதியுமாக ஒற்றைக் காலில் வந்து நின்றவளை எல்லாரும் பார்த்தார்கள். யார் என்று ஒருவர் கேட்டார்.

"அவுக போட்ட பாதையில நடக்கிறவ" என்றாள் நாகம்மா.

பூரணம் நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"நாகம்மாவா? வா தாயி. லீவுக்கு வந்தாக்க ஒம் பேச்சு இல்லாம இருக்க மாட்டாக. 'இம்புட்டு வருஷமாச்சு, அந்தப் பிள்ள இன்னும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல'ம்பாக. அது ஒண்ணுதான் அவுகளுக்குக் கொறை."

நாகம்மாவின் முகம் என்னவோ ஆகிவிட்டது. "பேசுனேனே" என்றாள். "வாராவாரம் பேசிக்கிட்டுத்தான இருந்தேன். இங்கன எறங்குது, அங்கன எறங்குதுன்னு சொன்னேனே. கோவத்துல இருக்கிறவ எதுக்கு அதச் சொல்லணும்? அவுகளுக்கு அது பேச்சாத் தெரியலையா?"

காலை இழந்த நாளில்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பூரணம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"தெரிஞ்சிருச்சு தாயி, தெரிஞ்சிருச்சு. இந்தக் கடைசித் தடவ வந்தப்ப வாசல்ல கால் வைக்கும்போதே சொன்னாக. 'பூரணம், நடு மேட்டுல கம்பு எறங்கலைன்னு சொல்லிட்டா. இந்தக் கச்சானுக்கு நின்னுருச்சுன்னு அவ வாயால சொல்லிட்டா'ன்னாக. அன்னிக்கு ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டாக. அவுக அப்படிச் சாப்பிட்டு நான் பாத்ததில்ல."

திரும்பும்போது பஸ்ஸில் நாகம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். இராமநாதபுரம் நெருங்கும்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை நடைக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, விட்டுப்போனவர்கள் உண்டா என்று என்னிடம் கேட்டாள்.

இருளப்பனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று யோசிக்கிறேன். ஒருவருக்கு நம்மால் தீங்கு நேர்ந்தால், சரியாகிவிட்டதா என்று அவரிடமே போய்க் கேட்க வேண்டும். மற்றவர்கள் சொல்வதை ஏற்கக் கூடாது. மேஸ்திரி எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

சென்ற மாதம் என் வார்டில் தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண் வலி தாங்காமல் கூச்சலிட்டாள். களைப்பில் இருந்தேன். வாயை மூடு என்று அதட்டி, தொடையில் ஓர் அடியும் வைத்தேன். எங்கள் வேலையில் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அவள் வீட்டுக்குப் போகும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. விலாசத்தை விசாரித்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். நான் செய்தது தப்பு என்று சொல்லி, மனசு ஆறிவிட்டதா என்று கேட்டேன். அவள் குழந்தையை மாற்றி மடியில் போட்டுக்கொண்டு, "இன்னும் ஆறலைங்க" என்றாள்.

"சரிம்மா, மறுபடி வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. போக வேண்டும்.